உங்கள் பெயரில் ஓர் எண்: நிறுவன நிதித் திட்டமிடலில் பெண்கள் மேலே வரும் வழி

எந்த நிதிக் குழுவிலும் இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஒருவரிடம் “ரிப்போர்ட் எப்போது வரும்?” என்று கேட்பார்கள். இன்னொருவரிடம் “இந்தக் காலாண்டு எங்கே போய் முடியும்?” என்று கேட்பார்கள். இருவரும் திறந்து வைத்திருப்பது ஒரே எக்செல் கோப்பாக இருக்கலாம். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது பெயர் அடிபடுவது இரண்டாமவருக்குத்தான்.

தேதி தவறாமல், பிழையில்லாமல் ரிப்போர்ட் தருபவர் என்று பெயர் வாங்கிய பெண்கள் பலர் முதலாமவர் இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். அந்த நல்ல பெயரே அவர்களைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அங்கிருந்து நகர ஒரு வழி உண்டு: சம்பளச் செலவு போல ஏதாவது ஓர் எண்ணை, அதன் முன்கணிப்போடும் அதில் வரும் தவறோடும், உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்வது. கீழே உள்ளவை எல்லாம் அந்த இடத்துக்குப் போவதற்கான வேலைகள்.

வேலையின் தாளம்

அக்கவுண்டிங் நடந்து முடிந்ததைப் பதிவு செய்கிறது. எஃப்.பி. அண்ட் ஏ என்று அலுவலகங்களில் அழைக்கப்படும் திட்டமிடல், பகுப்பாய்வுக் குழு இனி நடக்கப்போவதற்கு எண் வைக்கிறது. கார்ப்பரேட் ஃபைனான்ஸ் என்ற சொல் இதையும் சேர்த்து முதலீட்டு முடிவுகள், கடன், ட்ரெஷரி (நிறுவனத்தின் ரொக்க நிர்வாகம்), நிறுவனங்களை வாங்குவது விற்பது வரை விரியும்.

மாதம் முடிந்த முதல் ஐந்து வேலை நாட்களில் கணக்கை மூடுவார்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் பட்ஜெட்டுக்கும் நடந்ததற்கும் உள்ள வேரியன்ஸ் (வித்தியாசம்) விளக்கப்பட வேண்டும். பத்தாம் வேலை நாளை ஒட்டிப் புதிய ஃபோர்காஸ்ட் (முன்கணிப்பு). நிறுவனத்துக்கு நிறுவனம் நாட்கள் முன்பின் இருக்கும், வரிசை மாறாது. ஃபோர்காஸ்டுக்கு 3+9, 6+6, 9+3 என்று பெயர் வைத்திருப்பார்கள். 3+9 என்றால் மூன்று மாதம் நடந்த கணக்கு, ஒன்பது மாதம் கணிப்பு. ஆண்டு முடிய மூன்று நான்கு மாதங்கள் இருக்கும்போது அடுத்த ஆண்டின் பட்ஜெட் வேலை இதன் மேல் ஏறி உட்காரும். தூக்கம் கெடும் பருவம் அதுதான்.

அடித்தளம்: மூன்று அறிக்கைகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும்

நேர்முகத் தேர்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: தேய்மானம் 10 கூடுகிறது, வரி விகிதம் 30 சதவீதம், லாப நட்டக் கணக்கு, பணப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு ஆகிய மூன்று அறிக்கைகளிலும் என்ன மாறும்?

வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும். வரி 3 குறையும். நிகர லாபம் 7 குறையும். பணப்பாய்வில் அந்த மைனஸ் 7-இல் தொடங்கி, கையிலிருந்து பணம் போகாத செலவு என்பதால் 10-ஐத் திருப்பிக் கூட்டினால், ரொக்கம் 3 கூடுகிறது. இருப்புநிலைக் குறிப்பில் நிலையான சொத்து 10 குறைவு, ரொக்கம் 3 கூடுதல், ஆக சொத்துப் பக்கம் 7 குறைவு. எதிர்ப் பக்கத்தில் தேக்கிவைத்த லாபமும் 7 குறைவு. சரியாக நிற்கிறது. இந்தத் தேய்மானத்துக்கு வரிச் சலுகை உண்டு, வரியும் அதே காலத்தில் ரொக்கமாகக் கட்டப்படுகிறது என்ற இரண்டு அனுமானங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்து வந்தவருக்கும் புரிந்து சொல்பவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

இது கைவர, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஏதாவது ஒரு நிறுவனத்தின் மூன்று ஆண்டு அறிக்கைகளை எடுத்து, அடுத்த மூன்று ஆண்டுகளின் கணிப்பை நீங்களே கட்டிப் பாருங்கள். முதல் முறை இருப்புநிலை ஒத்துவராது. அப்போது ‘இதர’ என்று ஒரு வரியைப் போட்டு அடைத்துவிடாதீர்கள், கற்பதற்கான இடமே அதுதான். வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். அந்தப் பாதி ஏதாவது ஒரு வரியோடு பொருந்தினால் கூட்டல் கழித்தல் குறி மாறியிருக்கிறது. பெரும்பாலும் வாடிக்கையாளர் பாக்கியில்தான் இது நடக்கும்: பாக்கி கூடினால் ரொக்கம் குறைய வேண்டும், கூட்டிவிட்டிருப்பீர்கள். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், 54-ஐ 45 என்று இலக்கம் மாற்றித் தட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

சான்றிதழ்களில், இந்த வேலைக்கு நேராகப் பொருந்துவது அமெரிக்காவின் ஐ.எம்.ஏ. (மேலாண்மைக் கணக்காளர் கழகம்) நடத்தும் சி.எம்.ஏ. இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம், 500-க்கு 360 எடுத்தால் தேர்ச்சி, கூடவே இரண்டு ஆண்டு அனுபவம். முதல் தாளின் பெயரிலேயே நிதித் திட்டமிடல் இருக்கிறது. மூன்று நிலைகளும் 4,000 மணி நேர அனுபவமும் கேட்கும் சி.எஃப்.ஏ. முதலீட்டுப் பக்கம் சாய்ந்தது. ட்ரெஷரிக்கும் முதலீட்டாளர் உறவுக்கும் அது உதவும், மாதாந்திர ஃபோர்காஸ்டுக்கு அவ்வளவாக உதவாது. ஏற்கனவே ஒரு பட்டயம் கையில் இருந்தால் இன்னொன்றுக்கு ஆண்டுகளைச் செலவிடுவதைவிட ஒரு நல்ல பிசினஸ் யூனிட்டில் இடம் பிடிப்பது மேல். சான்றிதழ் சேர்ப்பது சில சமயம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் தள்ளிப்போடும் வழியாகிவிடுகிறது.

எக்செல் ஒழுக்கம்

சம்இஃப்ஸ், எக்ஸ்லுக்கப், பழைய பதிப்புகளில் இண்டெக்ஸ் மேட்ச் ஆகிய ஃபார்முலாக்கள், தரவைத் தொகுக்கும் பிவட் டேபிள், தரவை இறக்கிச் சுத்தம் செய்யும் பவர் குவெரி. இவை சரளமாக வந்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும். அதன்பின் எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தள மொழியில் தரவை நீங்களே எடுக்கக் கற்றுக்கொண்டால், இன்னொரு குழு ஃபைல் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம் கட்டும் முறை. உள்ளீடு ஒரு தாளில், கணக்கு இன்னொன்றில், வெளியீடு மூன்றாவதில். கையால் தட்டிய எண்களுக்கு நீல நிறம், ஃபார்முலாவுக்குக் கறுப்பு. ஒவ்வொரு தாளின் மேலேயும் பூஜ்யமாக நிற்க வேண்டிய ஒரு சரிபார்ப்பு வரி. ஃபார்முலாவுக்குள் ‘*1.08’ என்று எண்ணைப் புதைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த 8 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

இது வெறும் அழகு விஷயம் இல்லை. ஜேபி மார்கன் 2012-இல் ஒரு டிரேடிங் பிரிவில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. பின்னர் அந்த வங்கி வெளியிட்ட உள் விசாரணை அறிக்கை, அபாயத்தை அளந்த மாடலின் எக்செல் தாள்களில் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்ததைச் சொன்னது. அதனால் அபாயம் குறைவாகத் தெரிந்தது. 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. பழைய எக்ஸ்.எல்.எஸ். கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது என்பதை யாரும் கவனிக்கவில்லை. இப்போதைய வடிவம் 10,48,576 வரிகள் வரை தாங்கும். ஆனாலும் தரவை இறக்கியதும் வரி எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் மூலத்தோடு ஒப்பிடும் பழக்கத்தை விடாதீர்கள்.

வேரியன்ஸை உடைத்துப் பார்ப்பது

பட்ஜெட்: 1,000 அலகுகள், அலகுக்கு 50, மொத்தம் 50,000. நடந்தது: 1,100 அலகுகள், அலகுக்கு 46, மொத்தம் 50,600. மேலோட்டமாகப் பார்த்தால் 600 கூடுதல், எல்லோருக்கும் சந்தோஷம். உடைத்தால் கதை வேறு. அளவால் வந்தது: 100 × 50, அதாவது பிளஸ் 5,000. விலையால் போனது: 4 × 1,100, அதாவது மைனஸ் 4,400. விலை 8 சதவீதம் சரிந்திருக்கிறது. தள்ளுபடி கொடுத்து விற்றிருக்கிறார்கள். அடுத்த மாதம் அளவு பழைய நிலைக்கு வந்து விலை அங்கேயே நின்றால் வருவாய் 46,000 தான்.

“விற்பனை அதிகரித்ததால் வருவாய் கூடியது” என்று எழுதுபவர் ரிப்போர்ட் போடுகிறார். “அளவு 10 சதவீதம் கூடியது, விலை 8 சதவீதம் இறங்கியது. தள்ளுபடி தொடர்ந்தால் காலாண்டு இலக்கு விழும். தள்ளுபடியை நிறுத்தும் தேதி வேண்டும்” என்று எழுதுபவரைத்தான் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். என்ன நடந்தது, ஏன், இனி என்ன: மூன்று வாக்கியங்களுக்கு மேல் தேவையில்லை.

இன்னொரு பொறி, தள்ளிப்போன செலவைச் சேமிப்பு என்று காட்டுவது. 12 காலியிடங்களுக்கு ஆண்டின் முதல் மாதத்திலிருந்தே தலைக்கு மாதம் 5,000 என்று பட்ஜெட் வைத்திருக்கிறார்கள். சராசரியாக மூன்று மாதம் தாமதமாக ஆள் வருகிறார்கள். 12 × 5,000 × 3 = 1,80,000 மிச்சம். இது திறமையால் வந்த சேமிப்பு அல்ல. நான்காம் மாதத்திலிருந்து செலவு முழு வேகத்தில் ஓடும். இந்த மிச்சத்தை ஃபோர்காஸ்டின் மீதி மாதங்களுக்கும் நீட்டிப் போட்டால் ஆண்டின் கடைசியில் பள்ளம் தெரியும். ஒவ்வொரு வேரியன்ஸுக்கும் பக்கத்தில் ‘நேரம்’, ‘நிலையானது’ என்று இரண்டில் ஒன்றை எழுதிவைத்தால் பாதிப் பிழைகள் அங்கேயே நின்றுவிடும்.

எந்த எண்ணைக் கேட்பது?

மேலாளரிடம் போய் “எனக்கு இன்னும் பொறுப்பு வேண்டும்” என்றால் இன்னொரு ரிப்போர்ட் கிடைக்கும். பட்ஜெட்டில் எந்த வரி (லைன்) வேண்டும் என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பயணச் செலவு, எழுதுபொருள் போன்றவை வேண்டாம். தவறினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், சரியாக வந்தாலும் கவனிக்க மாட்டார்கள். வருவாய்க் கணிப்பு உடனே கிடைக்காது. சம்பளச் செலவு நல்ல தொடக்கம். சேவை நிறுவனங்களில் செலவின் பெரும்பகுதி அதுதான், யார் எப்போது சேர்கிறார்கள் என்று ஒவ்வொரு துறைத் தலைவரோடும் பேசியாக வேண்டும், எந்தக் குழு வளரப்போகிறது எது சுருங்கப்போகிறது என்பது மற்றவர்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

அந்த வரி கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு பதிவேடு வையுங்கள். கணித்த தேதி, எந்த மாதத்துக்கு, கணித்த எண், நடந்த எண், வித்தியாசம் சதவீதத்தில், காரணம். ஆறே நெடுவரிசைகள். பழைய கணிப்பைத் திருத்தி எழுதக் கூடாது, அன்று சொன்னது அன்று சொன்னதுதான்.

ஆறு மாதம் போனதும் இரண்டு விஷயம் பாருங்கள். வித்தியாசத்தின் அளவு என்ன, அது ஒரே பக்கம் சாய்கிறதா? நடந்தது எப்போதும் கணிப்பைவிட 3 முதல் 5 சதவீதம் நல்லதாகவே வந்தால், யாரோ மடியில் கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொண்டு எண் கொடுக்கிறார்கள். மேலும் கீழும் மாறி மாறி வந்தால் பெரும்பாலும் பில் பதியும் நேரப் பிரச்சினை, அக்ரூவலை (பில் வராத செலவை முன்கூட்டியே பதிவதை) சரிசெய்தால் தீரும். ஒளித்துவைப்பவரை மாட்டிவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து தகவலே வராது. “கடந்த ஆறு மாதமும் செலவு கணிப்பைவிட 4 சதவீதம் குறைவாக வந்திருக்கிறது. இந்த முறை 2 சதவீதம் குறைத்துப் போடலாமா?” என்று தனியாகக் கேளுங்கள்.

ஒவ்வொரு மாதமும் கணக்கு மூடுவதற்கு ஒரு வாரம் முன்பு துறைத் தலைவரோடு இருபது நிமிடம் பேசுவது இந்த வேலையில் எந்த மாடலையும்விடப் பலன் தரும். போன மாதத்திலிருந்து என்ன மாறியது, எது தூக்கத்தைக் கெடுக்கிறது, கையெழுத்தாகும் என்று நம்பி எது இன்னும் ஆகவில்லை. இந்த மூன்றும் போதும். கெட்ட செய்தி இருந்தால் கூட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் முன்னால் ஒருவரை எண்ணால் திகைக்க வைத்தால் அன்று ஒருநாள் வெற்றி, பிறகு கதவு மூடிவிடும்.

முதலீட்டு முடிவுகளும் ரொக்கமும்

ஃபோர்காஸ்ட் கைவந்தபின் அடுத்த படி முதலீட்டுக் கோரிக்கைகளைச் சோதிப்பது. இன்று 1,00,000 போட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டு முடிவில் 30,000 வீதம் வரும், தள்ளுபடி விகிதம் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) 12 சதவீதம் என்று ஒரு கோரிக்கை வருகிறது. ஆண்டுக்கு 1 வீதம் ஐந்து ஆண்டு வருவதன் இன்றைய மதிப்பைச் சொல்லும் காரணி 3.6048, அதனால் இன்றைய மதிப்பு சுமார் 1,08,144, போட்ட பணத்தைக் கழித்தால் நிகர மதிப்பு பிளஸ் 8,144. ஒப்புதல் கேட்பவர் இந்த எண்ணோடு நிறுத்திவிடுவார். பணம் வருவது மட்டும் ஓர் ஆண்டு தள்ளிப்போனால்? 1,08,144-ஐ 1.12-ஆல் வகுத்தால் 96,557. நிகர மதிப்பு மைனஸ் 3,443. ஒரே ஆண்டுத் தாமதம் முடிவையே புரட்டிவிடுகிறது. ஆகவே இந்தக் கோரிக்கையில் கேட்க வேண்டிய கேள்வி விகிதம் 12-ஆ 13-ஆ என்பதல்ல, “எந்தத் தேதியில் ஓடத் தொடங்கும், அதற்கு யார் பொறுப்பு?” என்பது. இதுவரை செலவழித்த பணத்தைக் காரணம் காட்டி மேலும் பணம் கேட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த முடிவெடுத்தாலும் அது திரும்பப் போவதில்லை.

ரொக்கத்தில் ஒரு கணக்கை மனதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்பனை 3,65,00,000 என்றால் ஒரு நாளுக்கு 1,00,000. வாடிக்கையாளர்கள் பணம் கொடுக்கும் நாள் 45-இலிருந்து 52 ஆனால் 7 லட்சம் வெளியே மாட்டிக்கொண்டது என்று பொருள். லாபக் கணக்கில் இது தெரியவே தெரியாது.

பெண் என்பதால் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

கூட்டக் குறிப்பு எடுப்பது, ஸ்லைடு அழகாக்குவது, புதியவர்களுக்குப் பயிற்சி, பிரிவுபசாரம். யாராவது செய்தாக வேண்டும், செய்ததற்காக யாருக்கும் பதவி உயர்வு கிடைக்காது. லிண்டா பாப்காக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வுகளில், இத்தகைய வேலைகளுக்குப் பெண்களிடம் கேட்பது 44 சதவீதம் அதிகம். கேட்டால் பெண்கள் 76 சதவீதம், ஆண்கள் 51 சதவீதம் முறை ஒப்புக்கொண்டார்கள். கேட்டவர்களில் பெண் மேலாளர்களும் உண்டு. ‘முடியாது’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டியதில்லை. “இந்த மாதம் நான் எடுக்கிறேன், அடுத்த மாதத்திலிருந்து சுழற்சி முறையில் போடலாம்” என்று பெயர்ப் பட்டியலோடு மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.

பகுப்பாய்வு உங்களுடையது, மேடை மேலாளருடையது என்ற நிலைதான் இன்னும் நுட்பமானது. கோப்பை அனுப்பும்போதே “பக்கம் 4-ஐயும் 5-ஐயும் நான் விளக்குகிறேன்” என்று எழுதிவிடுங்கள். முழு விளக்கமும் கேட்டால் மறுக்கலாம், இரண்டு பக்கத்தை மறுப்பது கடினம். பேசும்போது முடிவை முதலில் சொல்லுங்கள்: “ஆண்டு முடிவில் 2 சதவீதம் குறையும்” என்று தொடங்கிப் பிறகு காரணம். நிதானமாகப் பின்னணியிலிருந்து கட்டி வந்தால் முடிவுக்கு வருவதற்குள் யாராவது குறுக்கே பேசி அதைத் தம் வாயால் சொல்லிவிடுவார்கள்.

அறிவுரை சொல்பவர்கள் பெண்களுக்குக் குறைவில்லாமல் கிடைப்பார்கள். குறைவது, நீங்கள் இல்லாத அறையில் உங்கள் பெயரைச் சொல்பவர். அப்படி ஒருவர் பேச வேண்டுமானால் அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். “நல்லா வேலை செய்வார்” என்பது அங்கே எடுபடாது. “பதினெட்டு மாதமாக அவர் கணிப்பு 2 சதவீதத்துக்குள் நிற்கிறது” என்பது எடுபடும். அந்தப் பதிவேடு இதற்கும்தான். நேர்முகத் தேர்வுக்கான சுயவிவரத்திலும் ‘ஃபோர்காஸ்ட் தயாரித்தேன்’ என்பதை எடுத்துவிட்டு எந்த வரி, எவ்வளவு பெரியது, பிழை எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் குறைந்தது என்று எழுதலாம்.

ஒரே இருக்கையில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்காதீர்கள். குறிப்பாக எல்லாப் பிரிவுகளின் எண்களையும் திரட்டிக் கூட்டும் கன்சாலிடேஷன் இருக்கையில். அதைச் சரியாகச் செய்பவரை யாரும் விடமாட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸில் 2018-இல் முதல் பெண் தலைமை நிதி அதிகாரியான திவ்யா சூர்யதேவரா ட்ரெஷரி, ஓய்வூதிய நிதி முதலீடு, கார்ப்பரேட் ஃபைனான்ஸ் என்று இருக்கை மாறி வந்தவர். 2013-இல் மைக்ரோசாஃப்டின் தலைமை நிதி அதிகாரியான ஏமி ஹூட், 2002-இல் அங்கே சேர்ந்தது முதலீட்டாளர் உறவுப் பிரிவில். அதன்பின் ஒரு முழு வணிகப் பிரிவின் நிதிப் பொறுப்பை வகித்துவிட்டுத்தான் மேலே போனார்.

மகப்பேறு விடுப்பு வந்தால் ஒப்படைப்புக் கோப்பை ஒரு மாதாந்திரச் சுழற்சி முழுவதும் மாற்றாள் உங்கள் கண்முன் செய்து பார்க்கும்படி முடியுங்கள், ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டியிருக்கும். எந்த வரி உங்களுடையது, திரும்பும்போது எது மறுபடி உங்களிடம் வரும் என்பது எழுத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் திரும்பி வந்ததும் ‘சுலபமாக இருக்கட்டும்’ என்று ஒரு சிஸ்டம் மாற்றத் திட்டத்திலோ ஆவணப்படுத்தும் வேலையிலோ உட்கார வைப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள், எண் மட்டும் வேறொருவரிடம் போயிருக்கும். திரும்பும் தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் பட்ஜெட் பருவம் தொடங்கும்போது வாருங்கள். வேலை கடுமைதான், ஆனால் அந்தச் சில வாரங்களில் நிறுவனம் முழுவதும் எங்கே போகிறது என்பது மறுபடி பிடிபட்டுவிடும்.

சம்பளம் கேட்கும் காலத்தைப் பற்றி நிதித் துறையில் இருப்பவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. ஊதிய உயர்வு விகிதமும் பதவி உயர்வுக்கான தொகையும் பட்ஜெட் அனுமானத் தாளில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். அது பூட்டப்பட்ட பிறகு ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் கேட்டால் ஏற்கனவே பங்கிட்டு முடிந்த பணத்தைக் கேட்கிறீர்கள். சம்பளச் செலவு உங்கள் வரியாக இருந்தால் அது பூட்டப்படும் தேதி உங்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்பு, பதிவேட்டின் ஒரு பக்கச் சுருக்கத்தோடு போய்க் கேளுங்கள்.